முரண்டு பிடிக்கும் மோட்டார் சைக்கிள்!

விடியற்காலை மணி 4.

காஞ்சிபுரம் பக்கத்தில் ஒரு கிராமம். ஐப்பசி மாதம். இரவு முழுவதும் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

பால்காரர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்களைக் கட்டினார். கேனுக்கு 20 லிட்டர். எல்லாம் சற்று முன்பு கறந்த பால். நுரை கூட அடங்கவில்லை.

5 மணிக்குள் நகரத்தில் இருக்க வேண்டும். அங்கே 30 வீடுகளுக்கு அவர் பால் ஊற்றுகிறார். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது. மாட்டுக் கடனும் அதில்தான் அடைகிறது.

சாவியைத் திருப்பினார். பொத்தானை அழுத்தினார்.

"கிர்ர்ர்... கிர்ர்ர்... கிர்ர்ர்..."

என்ஜின் சுற்றியது. ஆனால் வண்டி கிளம்பவில்லை!

மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் அதே "கிர்ர்ர்"தான். பத்து தடவை ஆயிற்று. சத்தம் மெலிந்துகொண்டே வந்தது.

வீட்டுக்குள் இருந்து மனைவி எட்டிப் பார்த்தார்.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?"

"வண்டி முரண்டு பிடிக்குதும்மா. சுத்துது, ஆனா எடுக்க மாட்டேங்குது."

"பட்டனை அமுக்கிக்கிட்டே இருந்தா ஆச்சா? என்னன்னு பாருங்க!"

அந்த அம்மாள் சொன்னதுதான் சரி.

கட்டை விரல் செய்யும் தவறு

மோட்டார் சைக்கிள் இல்லாத தெரு இன்று இல்லை. பரீட்சைக்குப் போகும் மாணவன், வேலைக்குப் போகும் பெண், காய்கறி விற்பவர் எல்லாரையும் அதுதான் சுமக்கிறது. அது ஒரு நாள் காலையில் கிளம்பாவிட்டால் வீடே கலங்கிப் போகிறது.

கலக்கத்தில் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பொத்தானை விடாமல் அழுத்துகிறார்கள்.

அந்தப் பொத்தானை அழுத்தும்போது பாட்டரியில் இருந்து பெரிய அளவில் மின்சாரம் போகிறது. வண்டியின் முன் விளக்கும் பின் விளக்கும் எரிவதற்கு வேண்டிய மின்சாரத்தைப் போலப் பல மடங்கு! நாலைந்து தடவை தொடர்ந்து அழுத்தினால் பாட்டரி களைத்துப் போகும். களைத்த பாட்டரி என்ஜினைச் சுற்றத்தான் பார்க்கும். தீப்பொறி கொடுக்க அதனிடம் தெம்பு இருக்காது. முதலில் இருந்தது ஒரு கோளாறு. இப்போது இரண்டு!

ஒரு தடவைக்கு 5 விநாடி அழுத்தலாம். பிறகு 10 விநாடியாவது விட வேண்டும். மூன்று தடவை பார்த்தும் கிளம்பாவிட்டால் பொத்தானை விட்டுவிட்டு யோசிக்க வேண்டும்.

"கிர்ர்ர்" சத்தம் நல்ல சத்தம்!

என்ஜின் சுற்றுவது வேறு. எரிவது வேறு.

பாட்டரியில் உயிர் இருக்கிறது, செல்ப் மோட்டார் வேலை செய்கிறது, என்ஜின் இறுகிப் போகவில்லை என்று "கிர்ர்ர்" சத்தம் சொல்லிவிடுகிறது. பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. உள்ளே பெட்ரோல் எரியவில்லை. அது ஏன் என்பதுதான் மீதிக் கேள்வி.

அடுப்பு எரிய என்ன வேண்டும்? விறகு வேண்டும். காற்று வேண்டும். தீக்குச்சி வேண்டும். என்ஜினும் ஓர் அடுப்புத்தான். பெட்ரோல்தான் விறகு. ஒரு கிராம் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். தீக்குச்சிக்குப் பதில் பிளக். அதன் முனையில் முக்கால் மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அந்தச் சந்தில் தீப்பொறி தாவும். 12 வோல்ட் பாட்டரியின் மின்சாரத்தைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்தினால்தான் அந்தத் தாவல் நடக்கும்.

அடுப்புக்கு இல்லாத ஒன்றும் என்ஜினுக்கு உண்டு. பெட்ரோல் கலந்த காற்றை அது ஒன்பதில் ஒரு பங்காக, பத்தில் ஒரு பங்காக அமுக்கிப் பிறகுதான் கொளுத்துகிறது. வண்டி சும்மா நின்று ஓடும்போதே நிமிஷத்துக்குச் சுமார் 700 தடவை இது நடக்கிறது!

முதல் மோட்டார் சைக்கிளில் தீப்பொறி பிளக் கிடையாது. 1885-ல் ஜெர்மனியில் டைம்லர் என்பவர் அதைச் செய்தார். ஒரு சிறு குழாயை நெருப்பால் பழுக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டில் பெட்ரோலைக் கொளுத்தினார். குழாய் இருந்தது இருக்கைக்குக் கீழே! டைம்லரின் மகன் முதன்முதலாக அதில் ஏறிப் போனபோது இருக்கையில் தீப்பிடித்ததாம். நம் வண்டி கிளம்பாமல் இருக்கிறதே என்று வருத்தப்படுகிறவர்கள் அந்தப் பையனை நினைத்துக்கொள்ளலாம்.

காசில்லாத வைத்தியம்

ஸ்பேனரைத் தொடும் முன்பு கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு.

கைப்பிடிக்குப் பக்கத்தில் பல வண்டிகளில் ஒரு சிவப்பு சுவிட்சு இருக்கும். ஆபத்து நேரத்தில் என்ஜினை அணைக்க வைத்தது அது. நிறுத்தி வைத்த வண்டி மேல் குழந்தைகள் ஏறி "டுர்ர்" என்று ஓட்டி விளையாடுவார்கள். போகும்போது அதைத் தட்டிவிட்டுப் போவார்கள். சில வண்டிகளில் அது அணைந்திருந்தாலும் செல்ப் சுற்றும். என்ஜின் மட்டும் கிளம்பாது. இதற்காக வண்டியை மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர்! மெக்கானிக் ஒரு விரலால் சுவிட்சைத் தட்டுவார். வண்டி கிளம்பும். கொண்டு போனவர் முகத்தைத்தான் பார்க்க முடியாது.

பக்க ஸ்டாண்டையும் பாருங்கள். அது கீழே இருந்தால் சில வண்டிகள் கிளம்பாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

அடுத்தது பெட்ரோல். முள் காட்டுவதை மட்டும் நம்பக் கூடாது. வண்டியை ஆட்டினால் "சளக், சளக்" என்று கேட்க வேண்டும். பழைய வண்டியானால் டேங்குக்கு அடியில் உள்ள திருகு மூடியிருக்கிறதா, ரிசர்வில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பால்காரர் இவ்வளவையும் பார்த்துவிட்டார். சுவிட்சு சரி. ஸ்டாண்டு சரி. டேங்கில் பாதி பெட்ரோல். "சளக்" என்று நன்றாகவே கேட்டது.

நாடி பார்க்கும் இடம்

வைத்தியர் கையைப் பிடித்து நாடி பார்க்கிறார். மெக்கானிக் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார். என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லிவிடும்.

பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை என்று பொருள். நனைந்து, பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறிதான் இல்லை. அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்துவிட்டது. முனையில் கரி அப்பியிருந்தால் வெகு நாளாகவே பெட்ரோல் அதிகமாகவும் காற்று குறைவாகவும் போயிருக்கிறது. காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். நல்ல பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருக்கும். வெல்லம் போடாத சுக்குக் காப்பி நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் மீறி வந்ததற்குச் சுலபமான வைத்தியம் உண்டு. சோக்கை இழுக்காமல் விடுங்கள். ஆக்சிலேட்டரை முழுவதும் திருகிப் பிடித்துக்கொண்டு 5 விநாடி சுற்றுங்கள். காற்று உள்ளே பாய்ந்து ஈரத்தை அடித்துக்கொண்டு போகும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்புவதற்குத்தான் சோக். சூடான என்ஜினில் அதை இழுத்தால் பெட்ரோல் மீறும்.

பெட்ரோலே வரவில்லையா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். "புஸ்" என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், பிறகு வண்டி கிளம்பினால், குற்றவாளி அந்த மூடிதான்! மூடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். எண்ணெய் டின்னில் ஒரே துவாரம் போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியாக வருமா? நம் வீட்டுப் பெண்கள் எதிர்ப் பக்கம் இன்னொரு துவாரம் போடுவது அதற்காகத்தான்.

தீப்பொறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. பழைய கார்புரேட்டர் வண்டிக்குத்தான் இது. கழற்றிய பிளக்கை அதன் வயர் மூடியில் செருக வேண்டும். பிளக்கின் இரும்புப் பகுதி என்ஜின் மேல் நன்றாகப் படும்படி வைக்க வேண்டும். என்ஜினைச் சுற்றினால் முனையில் நீலப் பொறி "சட், சட்" என்று தாவ வேண்டும்.

இதில் கவனம் தேவை. பிளக்கைக் கையால் பிடித்தால் ஷாக் அடிக்கும். பிளக் கழற்றிய துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும். சிந்திய பெட்ரோலை முதலில் துடைத்துவிட வேண்டும். பீடி, சிகரெட், சிம்னி விளக்கு எதுவும் கிட்டே வரக் கூடாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

மனைவி கண்டுபிடித்தார்!

மனைவி டார்ச் விளக்கைப் பிடித்தார். பால்காரர் பிளக்கைக் கழற்றினார். முனை நனைந்திருந்தது. துடைத்துவிட்டுப் பொறி பார்த்தார். பொறி நன்றாகவே வந்தது.

"பெட்ரோல் வருது. பொறியும் வருது. அப்புறம் என்ன கேடு இதுக்கு?"

மனைவி பிளக் துடைத்த துணியை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"ஈரம் இருக்கு. பெட்ரோல் வாடை அவ்வளவா இல்லையேங்க. ஸ்டவ்வில தண்ணி கலந்த மண்ணெண்ணெய் ஊத்தின மாதிரி இருக்கு. எங்க அம்மா வீட்டுல ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு. எத்தனை குச்சி கிழிச்சாலும் பத்தவே இல்லை."

பால்காரர் டேங்க் மூடியைப் பார்த்தார். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம். அதில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றது!

அந்தத் தண்ணீர் வடிவதற்கு அங்கே ஒரு துவாரம் இருக்கிறது. அதில் சேறு அடைத்துக்கொண்டது. வடிய வழி இல்லாத தண்ணீர் மூடியின் இடுக்கு வழியாக டேங்குக்குள் இறங்கிவிட்டது.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் போய்த் தங்கும். கார்புரேட்டருக்குப் போகும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. ஆகவே பெட்ரோலுக்கு முன்பு தண்ணீர்தான் போய்ச் சேரும். டேங்க் நிறையப் பெட்ரோல் இருந்தும் பயன் இல்லை.

இந்தக் காலத்துப் பெட்ரோலில் இன்னொரு விசேஷமும் உண்டு. 2023-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் என்பது ஒரு வகைச் சாராயம். சாராயத்துக்கும் தண்ணீருக்கும் சிநேகம் அதிகம். கொஞ்சம் தண்ணீர் என்றால் அது பெட்ரோலோடேயே கலந்து எரிந்துவிடும். அளவு மீறினால் தண்ணீரோடு சாராயமும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். மழைக்காலத்தில் டேங்க் மூடியை அலட்சியமாக விடக் கூடாது என்பது இதனால்தான்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. அதன் கீழே ஒரு திருகு. பால்காரர் அதைத் தளர்த்தினார். வந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்தார். டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். பாட்டிலின் நடுவே ஒரு கோடு! கோட்டுக்கு மேலே பெட்ரோல். கீழே தண்ணீர்.

டேங்கின் குழாயைக் கழற்றி அங்கேயும் வடித்தார். கோடு இல்லாத சுத்தமான பெட்ரோல் வரும் வரை விட்டார். கிண்ணத்தை மட்டும் வடித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் அடுத்த தெருவில் நின்றுவிடுவார்கள். பிளக்கைத் துடைத்து, உலர விட்டு, மறுபடி மாட்டினார். மூடிப் பள்ளத்துத் துவாரத்தைத் துடைப்பக் குச்சியால் குத்திவிட்டார்.

துடைப்பக் குச்சி அங்கே சரி. கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் என்ற சின்னத் துவாரத்தில் குச்சி, கம்பி எதையும் விடக் கூடாது. பம்பு ஸ்டவ்வில் பின் குத்திய பழக்கம் இங்கே உதவாது. துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் போதும். பெட்ரோல் அதிகமாகப் போகும். வண்டி மைலேஜ் தராது. அதைக் காற்றால்தான் ஊத வேண்டும்.

பாட்டரி களைத்திருந்தது. ஆனால் அது பழைய வண்டி. கிக்கர் இருந்தது. முதல் உதையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது உதையில் "டுப்" என்றது. மூன்றாவது உதையில் கிளம்பியது!

புது வண்டிக்குப் பழைய வைத்தியம் கூடாது

2020 ஏப்ரல் 1-ந் தேதி முதல் நம் நாட்டில் புகை விதிகள் கடுமையாயின. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோலைப் பீச்சுகிறது. சோக்கும் இல்லை. பலவற்றில் கிக்கரும் இல்லை.

இந்த வண்டிகளில் காதுதான் முதல் கருவி. சாவியைத் திருப்பியதும் டேங்கில் இருந்து "ங்ங்ங்" என்று இரண்டு விநாடி ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பம்பு ஓடும் சத்தம் அது. தினமும் கேட்கும் அந்தச் சத்தம் இன்று இல்லை என்றால் பியூஸ் போயிருக்கலாம், பம்பு பழுதாகியிருக்கலாம், வயரை எலி கடித்திருக்கலாம். மழைக்காலத்தில் எலிக்கு என்ஜின் பக்கம்தான் கதகதப்பான இடம்.

பாட்டரி முழுவதும் இறங்கிய வண்டியைத் தள்ளிக் கிளப்புவது பழைய வழக்கம். இதில் அது பெரும்பாலும் நடக்காது. பம்புக்கும் கம்ப்யூட்டருக்குமே மின்சாரம் வேண்டுமே!

வண்டி சாய்ந்து விழுந்த பிறகு கிளம்ப மறுக்கிறதா? பயப்பட வேண்டாம். வண்டி விழுந்தால் என்ஜினை நிறுத்தும் காவல் கருவி பல வண்டிகளில் உண்டு. நிமிர்த்தி வைத்து, சாவியை ஒரு தடவை அணைத்துப் போட்டால் அது விட்டுக்கொடுக்கும்.

மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது கம்ப்யூட்டர் சொல்லும் சேதி. அதைப் படிக்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுவதுதான் நல்லது.

பொத்தானைத் தொடவே கூடாத நேரம்!

2015 டிசம்பர் 1-ந் தேதி இரவு சென்னையில் அடையாறு கரை புரண்டது. வீட்டு வாசலில் நின்ற வண்டிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் அதே கதி.

வெள்ளம் வடிந்ததும் ஜனங்கள் வண்டியைத் தேடிப் போனார்கள். சேற்றைத் துடைத்தார்கள். சாவியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினார்கள். ஆசை யாரை விட்டது?

அந்த ஓர் அழுத்தலில் என்ஜினே போய்விடும்.

காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. சைலன்சர் வழியாகவோ காற்று வடிகட்டி வழியாகவோ என்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் போய் முட்டும். தண்ணீர் அசையாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துபோகும். ஆயிலை மாற்றினால் சரியாகியிருக்கும் வண்டிக்கு அப்புறம் என்ஜினையே பிரிக்க வேண்டிய செலவு வரும்.

மூழ்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் விட்ட டீ போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. புது ஆயில் ஊற்றி, டேங்கையும் வடிகட்டியையும் சுத்தம் செய்த பிறகுதான் பொத்தான் பக்கம் கை போகலாம்.

தெருவில் ஓடும் தண்ணீரில் வண்டி பாதியில் நின்றுவிட்டாலும் இதே விதிதான். இறங்கித் தள்ளுங்கள். அங்கேயே நின்று அழுத்திப் பார்க்காதீர்கள். வேட்டி நனைந்தால் காய்ந்துவிடும்.

மணி 5.20

பால்காரர் நகரத்துக்குள் நுழைந்தபோது மணி 5.20. முதல் தெருவில் எல்லா வீட்டிலும் பால் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது தெருவில் மூன்று வீடுகளில் பாக்கெட் பால் வாங்கிவிட்டார்கள்.

அந்த மூன்று வீட்டுப் பாலையும் முனையில் உள்ள டீக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். விலையில் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுத்தார்.

வீடு திரும்பும் வழியில் பால்காரர் ஒரு கடையில் நின்றார். டேங்க் மூடிக்குப் போடும் ரப்பர் வளையம் ஒன்று வாங்கினார். வண்டி மேல் போர்த்த ஒரு பிளாஸ்டிக் உறையும் வாங்கிக்கொண்டார். மேற்கே மேகம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது.